ஏரி வழித் தோணி யாத்திரை

ரொறன்ரோ நகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 3 மணி நேரம் காரிற் சென்று, ஹன்ற்ஸ்வில் என்னும் ஊரைக் கடந்து, 60ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக அல்கோங்குயின் மாகாணப் பூங்காவின் மேற்கு வாயிலை அடைகின்ற நம்மவரிற் பெரும்பாலோர், இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்கள் செவ்வரத்தம்பூ நிறங்கொண்டு நிற்கும் காட்சியைச் சாலையோரத்தில் நின்றபடியே கண்டு, கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொதியை ஏதேனும் ஒரு மரத்தடியில் அவிழ்த்து உண்டு, பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்த நெடுஞ்சாலையோ பூங்காவின் தென்கோடியை மட்டும் 56 கிலோமீட்டர் தூரம் ஊடறுத்துச் செல்வது. 1893இல் ஸ்தாபிக்கப்பெற்று, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பும் 2,000க்கு மேற்பட்ட ஏரிகளும் உடையதாய் விரிந்து கிடக்கும் அந்த வனத்தின் உட்பகுதியிற் பொதுமக்கள் காரோட்டிச் செல்ல வழியில்லை. ஏரிகளைத் தோணியிலே கடந்து, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே கிடக்கும் காட்டுப் பாதையில் அத்தோணியைத் தோளிலே தூக்கிக்கொண்டு நடப்பவருக்கே அது தன்னைக் காட்டும். கோடை காலத்தில் நண்பரும் உறவினருமாகச் சிலர் கூடி, 2 இரவும் 3 பகலும் அவ்வாறு உள்ளே தங்கிவர விரும்பினால், அதற்கு எவ்வண்ணம் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இந்த யாத்திரையில் மக்கள் படும் துன்பங்களில் மிகப் பல, ஏரியிலே பிறப்பவை அல்ல. வீட்டிலே, சாமான் கட்டுகிற வேளையிலே பிறப்பவை. எதை விட்டுச் செல்வது, யார் யாரோடு ஏறுவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது என்னும் மூன்றையும் முன்கூட்டியே நிர்ணயம் செய்துகொண்ட குழு, மழையிலும் காற்றிலும் அகப்பட்டாலும் சந்தோஷமாகத் திரும்பி வருகிறது. அவற்றைக் கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கும் குழு, தெளிந்த வானத்தின் கீழும் தம்முள் சச்சரவிட்டுக்கொண்டு வருகிறது.

கனூ என்று இங்கே வழங்கும் தோணி இந்த மண்ணின் ஆதிக்குடிகளுடைய சிருஷ்டி. வெண்ணிறப் பேர்ச் மரத்தின் பட்டையை உரித்து, சீடர் மரத்தின் மெல்லிய வங்குகளை உள்ளே வளைத்துப் பொருத்தி, ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரைப் பிளந்து நாராக்கித் தைத்து, மூட்டுகளை மரப்பிசினால் அடைத்து, ஓர் இரும்பாணியும் இல்லாமல் அவர்கள் அதைச் செய்தார்கள். சோழமண்டலக் கரையிலே மசூலாப் படகைத் தென்னங்கயிற்றினால் தைத்து அலையில் இறக்கிய நம் பரதவரைப் பற்றி அறிந்தவர்களுக்கு, அந்தப் பட்டைத் தோணி அந்நியமாகத் தோன்றாது. ஒருவராலோ இருவராலோ தூக்கிச் செல்லக்கூடிய இலேசும், மனிதரையும் பல மடங்கு பாரத்தையும் ஏற்றுகிற வலிமையும் ஒன்றாய் அமைந்த காரணத்தால், பின்னாளில் வந்த பிரெஞ்சுத் தோல் வியாபாரிகளும் தமது கப்பற் படகுகளை விடுத்து இதனையே ஏற்று, கண்டத்தின் உட்பகுதிவரை சென்றனர். ஏரிகளுக்கிடையே தோணியைச் சுமக்கும் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று இன்றும் வழங்கும் பெயர், சுமத்தல் என்னும் பொருளுள்ள அவர்களுடைய சொல்லே. இப்போது கடைகளில் வாடகைக்குக் கிடைப்பவை 16 அல்லது 17 அடி நீளமானவை. அலுமினியத்தால் ஆனது 30 கிலோவுக்கு மேல் இருக்கும். கெவ்லர் என்னும் செயற்கை இழையால் ஆனது 20 கிலோ அளவில் நிற்கும். கெவ்லருக்கு வாடகை சற்று அதிகம் என்றாலும், இந்த ஒரு செலவிலே சிக்கனம் பார்க்க வேண்டாம். அந்தப் பத்துக் கிலோவின் அருமையைப் பிறகு உங்கள் பிடரி சொல்லும்.

மே நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை இந்தக் காட்டிலே கறுப்பு ஈ என்னும் சிற்றீயும் நுளம்பும் மனிதரை இருக்கவிடா. அப்போது ஏரி நீரும் பனிக்கட்டி கரைந்த குளிர்ச்சி நீங்காதிருக்கும். ஜூலைப் பிற்பகுதியும் ஆகஸ்ட் மாதமுமே புதியவர்களுக்கு ஏற்ற காலம். பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். ஆனால் பகலிலே வெயில் கொளுத்துகிறதே என்று இரவுக்குரிய கம்பளி மேற்சட்டையை விட்டுச் செல்லக் கூடாது. ஆகஸ்ட் இரவுகளிற் சில 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடும்.

உள்ளே தங்குவதற்கு ஒன்ராறியோ பூங்காத் துறையிடம் அநுமதி பெற வேண்டும். எந்த இரவு எந்த ஏரியில் தங்குவீர்கள் என்பதை ஏரியின் பெயர் சொல்லியே பதிவு செய்ய வேண்டும். வருகைத் தேதிக்கு 5 மாதம் முன்பிருந்தே பதிவு தொடங்கிவிடுவதால், ஆகஸ்ட் 10ஆந் தேதி இரவுக்கு இடம் வேண்டுவோர் மார்ச் 10ஆந் தேதியே விழித்திருக்க வேண்டும். ஒரு முகாமிடத்தில் 9 பேருக்கு மேல் தங்கலாகாது என்பது நியமம். ஒன்பது பேர் போகலாம் என்பதற்காக ஒன்பது பேரைச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. என் அநுபவத்திலே ஆறு பேரும் மூன்று தோணியும் உத்தமமான எண்ணிக்கை: தோணிக்கு இருவர், அவ்விருவரில் ஒருவர் துடுப்புப் பழகியவர், ஒரு தோணி பழுதுற்றால் அதிலிருப்போரை மற்ற இரண்டும் தாங்கும். ஒன்பது பேரென்றால் நான்கு தோணி, ஒன்றில் மூவர், கூடாரம் அடிக்கச் சமநிலம் போதாமை, சமையலுக்குப் பெரிய பானை என்று ஒவ்வொன்றாக வளரும்.

ஆட்களைச் சேர்த்தபின் வேலைகளையும் பகிர்ந்துவிட வேண்டும். வழிநடத்துபவர் ஒருவர், வரைபடத்தைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு பார்த்துவருபவர் ஒருவர், சமையற் சாமானுக்குப் பொறுப்பானவர் ஒருவர், கடைசித் தோணியில் இருந்து எவரும் பின்தங்காமற் காப்பவர் ஒருவர். அந்தக் கடைசித் தோணிக்குக் குழுவிலே மிகத் தேர்ந்தவரை விடுங்கள். முன்னே செல்வதே பெருமை என்று எண்ணி வலியவர் யாவரும் முதல் தோணியில் ஏறிவிட்டால், பின்னே இரு புதியவர்கள் காற்றிலே சுழன்றுகொண்டிருப்பதை அறிய ஒருவரும் இரார்.

முதன்முறை செல்வோருக்கு நான் பரிந்துரைப்பது கனூ ஏரி என்றே பெயருடைய ஏரி. நெடுஞ்சாலையின் 14ஆவது கிலோமீட்டரில் திரும்பினால் அதன் கரையிலேயே அநுமதிச் சீட்டு வழங்கும் அலுவலகமும், தோணி வாடகைக் கடையும் உண்டு. வடக்கு நோக்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் துடுப்புப் போட்டால் ஓர் அணைக்கட்டு வரும். அதன் அருகே 295 மீட்டர் தூரம் தோணியைச் சுமந்து நடந்தால் ஜோ ஏரி. அதற்கு வடக்கே டீப்பீ ஏரி. இவ்விரண்டில் ஒன்றில் இரண்டு இரவுக்கும் ஒரே இடத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாள்தோறும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டி வெவ்வேறு ஏரிக்கு நகர்வதிலே புதியவர்களுடைய பொழுதெல்லாம் கழிந்துவிடும். ஒரே இடத்தில் இருந்துகொண்டு, நடுநாளன்று வெறுந்தோணியில் மதிய உணவும் மழைச்சட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு சிற்றாற்று வழியே வடக்கே உலாவி வருவது, பாரத்தோடு நான்கு ஏரி கடப்பதைவிட அதிகம் காட்டும். நீர் மட்டத்துக்குச் சரியாகக் கண் இருக்க, ஆம்பல் இலைகளின் நடுவே அசையாது நின்று கழுத்தளவு நீரில் முகம் புதைத்து மேய்கின்ற மூஸ் மானை அத்தகைய ஒரு காலைப் பொழுதிலேதான் நான் முதன்முறை கண்டேன்.

இனிச் சுமையைப் பற்றி. இதை விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ஊர்விட்டுப் போவது என்றாலே திருவிழாவுக்குப் போவதுபோல் ஆயத்தம் செய்வது நமது சுபாவம். நாங்கள் முதல் வருஷம் ஒன்பது பேராய்ச் சென்றபோது, பாதி மூட்டை அரிசி, ஐஸ் பெட்டி இரண்டு, ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, பிரஷர் குக்கர், உருளைக்கிழங்குச் சாக்கு, தலையணைகள் என்று எடுத்துச் சென்றோம். அந்த 295 மீட்டர் பாதையிலே ஒவ்வொருவரும் நான்கு சுமை சுமக்க வேண்டியதாயிற்று. நான்கு சுமை என்றால் போவது நான்கு தடவை, திரும்பி வருவது மூன்று தடவை; ஆக ஏழு நடை, 2 கிலோமீட்டருக்கு மேல். அக்கரை சேர்ந்து முகாமிடம் தேடியபோது இருட்டிவிட்டது; எங்களோடு வந்த இரு பிள்ளைகளும் உண்ணாமலே உறங்கிவிட்டனர். அன்றிரவு நான் கற்ற கணக்கு இதுதான்: ஒரே சுமையாகக் கட்டினால் பாதையின் நீளம் எவ்வளவோ அவ்வளவே நடை, இரு சுமையானால் மூன்று மடங்கு, மூன்று சுமையானால் ஐந்து மடங்கு. வரைபடத்திலே போர்ட்டேஜ் ஒவ்வொன்றின் அருகிலும் மீட்டர்க் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். அதை உங்கள் சுமைக் கணக்கினாற் பெருக்கிப் பார்த்த பின்பே பாதையைத் தீர்மானியுங்கள். இரு சுமைக்கு மேற்படாமல் அடக்குவது எவருக்கும் சாத்தியம்.

அவ்வாறு அடக்குவதற்கு வழி, கையிலே தொங்கும் பொருள் ஒன்றும் இல்லாதிருப்பது. எல்லாம் முதுகுப்பைக்குள் போக வேண்டும். கையிலே பிடித்த சட்டியும் கக்கத்திலே இடுக்கிய பாயும்தான் மனிதனைத் திரும்பத் திரும்ப நடக்க வைக்கின்றன. உறங்கும் பையையும் மாற்றுடையையும் நீர் புகாத பையிலே இட்டுச் சுருட்டிக் கட்டுங்கள். அத்தகைய பை இல்லாவிட்டால் தடித்த குப்பைப் பை இரண்டை ஒன்றனுள் ஒன்றாக இட்டாலும் போதும். உடையிலே ஈர உடை ஒன்று, உலர் உடை ஒன்று என இரண்டே தொகுதி. பகல் முழுவதும் ஈர உடை. கூடாரத்துக்குள் மட்டும் உலர் உடை. மறுநாட் காலை அந்த ஈர உடையை மறுபடி அணிவது சிரமமாகவே இருக்கும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி உலர் உடையோடு தோணியில் ஏறியவர், அன்றிரவு நடுங்குவார். ஜீன்ஸ் என்னும் தடித்த பருத்திக் காற்சட்டை நனைந்தால் ஒரு நாளில் உலராது; உடற்சூட்டையும் உறிஞ்சிவிடும். அது காரிலேயே இருக்கட்டும்.

ஆகார விஷயத்தில் பூங்காவின் நியமம் ஒன்று நமக்கு நன்மையே செய்கிறது. தகரத்தில் அடைத்த உணவும், கண்ணாடிப் போத்தலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் டப்பாக்களும் உட்பகுதிக்குக் கொண்டுசெல்லத் தடை. ஆகவே உலர்ந்த பதார்த்தங்களே கதி. அந்த வித்தையிலோ நம் பாட்டிமார் தேர்ந்தவர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் உலர் உணவு என்று கொண்டால், ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 12.6 கிலோ, ஒரே பையில் அடங்கிவிடும். காலைக்கு அவல்: நனைத்துச் சர்க்கரையும் உலர்ந்த தேங்காய்த் துருவலும் சேர்த்தால் அடுப்பு மூட்டாமலே உண்டுவிட்டுப் புறப்படலாம். மதியத்துக்கு முதலிரு நாளும் வீட்டிலே சுட்ட ரொட்டியும், புளி சேர்த்து வதக்கிய சம்பலும். இரவுக்குச் சோறும் பருப்பும். பருப்பிலே மைசூர்ப் பருப்பே ஏற்றது, விரைவில் வெந்துவிடும். துவரையை வேக வைப்பதற்குள் எரிவாயு தீர்ந்துவிடும். ஒரு நேரச் சோற்றுக்கு ஆளுக்கு 120 கிராம் அரிசி போதும். அதை நேரத்துக்கு நேரம் வெவ்வேறு பையிலே அளந்து, எந்த இரவுக்கு என்று எழுதி வைத்துவிட்டால், காட்டிலே அளவையும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. வறுத்த அரிசிமாவும் கொதிநீரும் இருந்தால் ஒரு வேளை புட்டுக்கும் வழியுண்டு. துணியிலே கட்டி ஆவியில் வைத்துப் பலமுறை செய்திருக்கிறோம். எள்ளுருண்டையும் பனங்கட்டித் துண்டும் சட்டைப் பையிலே இருக்கட்டும். சுமையேற்றி முடித்த கணத்தில் அவற்றைப் போல் உயிர்தருவது வேறில்லை. கருவாட்டையும் மாசியையும் மட்டும் தயவுசெய்து வீட்டிலே வைத்துவிட்டு வாருங்கள். அந்த மணம் நமக்கு எவ்வளவு இன்பமோ, அவ்வளவு இன்பம் கரடிக்கும்.

குடிநீருக்கு ஏரி இருக்கிறது. ஆனால் கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் குடலைத் தாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். ஒரு நிமிஷம் நன்றாகக் கொதிக்க வைத்தோ, அதற்குரிய வடிகட்டியிலே வடித்தோதான் குடிக்க வேண்டும்.

துடுப்புப் போடும் முறையை எழுத்திலே கற்பிப்பது கடினம் எனினும், சில அடிப்படைகள் சொல்லத்தக்கவை. அணியம் என்று நம் கடலோர மக்கள் வழங்கும் முன்முனையில் இருப்பவர் தாளம் அமைக்கிறார். பின்முனையில் இருப்பவர் திசை அமைக்கிறார். பழகியவர் பின்னே இருக்க வேண்டியதன் காரணம் இதுவே. இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில், ஒரே வேளையில், கையால் மட்டுமன்றி முதுகையும் தோளையும் திருப்பி இழுக்க வேண்டும். பின்னிருப்பவர் ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பின் இலையைச் செங்குத்தாகத் திருப்பி, வெளிப்புறமாக மெல்லத் தள்ளினால், தோணி மறுபக்கம் விலகாமல் நேரே செல்லும். ஆங்கில எழுத்தாகிய ஜேயின் வடிவத்தில் நீரிலே கோடிடுவது போன்றிருப்பதால் இதற்கு ஜே வீச்சு என்று பெயர். வீட்டருகே உள்ள ஏதேனும் குளத்திலே ஒரு மாலைப் பொழுது பழகினாற் போதும், கை பிடித்துக்கொள்ளும். பாரத்தைத் தோணியின் நடுவிலே தாழ்வாக அடுக்குங்கள். அலை எழுந்தால் ஆசனத்தை விட்டு இறங்கி முழங்காலிலே நில்லுங்கள். பாரம் தாழத் தாழத் தோணி ஸ்திரமாகும். எக்காரணத்தாலும் எழுந்து நிற்க வேண்டாம்.

கரைசேர்ந்து தோணியைச் சுமக்கும்போது, அதன் நடுவே குறுக்காகப் பொருத்தியிருக்கும் நுகத்தைத் தோளிலே தாங்கித் தலைகீழாகத் தூக்கி நடப்பது வழக்கம். தூக்கி ஏற்றுவதற்கு மட்டும் இருவர் வேண்டும். நடப்பதற்கு ஒருவரே நல்லது. இருவராகச் சுமந்தால் ஒருவருடைய அடி மற்றவரைத் தள்ளும். முன்முனையைச் சற்று உயர்த்திப் பிடித்தால் பாதை தெரியும். பாதையின் தொடக்கத்திலே மஞ்சட் பலகை இருக்கும். அவ்விடத்திலே சாமானைப் பரப்பி உட்கார்ந்துவிடாமல், இறக்கியவற்றை உடனே ஓரமாக ஒதுக்கி, பின்னே வருவோர் கரையேற வழிவிடுங்கள். இந்தக் காட்டிலே நம் குழுவின் பண்பாட்டைப் பிறர் காணும் இடம் அதுதான்.

காற்றுத்தான் இந்த ஏரிகளின் அரசன். கோடை நாளிலே விடியற்காலையில் நீர் எண்ணெய் ஊற்றியது போல் அசைவற்றுக் கிடக்கும். பத்து மணியளவில் மேற்கிலிருந்து காற்று எழும். பிற்பகலில் நீண்ட ஏரிகளின் கிழக்குக் கரையிலே வெண்ணுரை புரளும். மாலையிலே மறுபடி தணியும். எப்போதும் இப்படியே நடக்கும் என்பதில்லை என்றாலும், இப்படி நடக்கும் என்று எண்ணித் திட்டமிடுபவர் ஏமாறுவது அரிது. ஐந்து மணிக்கு எழுந்து, ஏழு மணிக்குள் நீரில் இறங்கி, இரண்டு மணிக்குள் அன்றைய பயணத்தை முடித்துவிடுங்கள். பாரமேற்றிய தோணி அமைதியான நீரிலே மணிக்கு 4 கிலோமீட்டர் செல்லும். எதிர்காற்றில் அதில் பாதியும் செல்லாது. பூங்காவிலேயே பெரிய ஏரியாகிய ஒபியாங்கோவில் அலைகள் கடல்போல் எழுவதுண்டு. அதனாலேயே அங்கே பயணிகளைத் தோணியோடு மோட்டார்ப் படகிலே ஏற்றி அக்கரை சேர்க்கும் வசதி இருக்கிறது. முதல் வருஷத்தில் அந்த ஏரியை நாட வேண்டாம்.

ஒருமுறை நாங்கள் திரும்பி வரும் வழியிலே காற்று மிகுந்தது. குழுவிலிருந்த இளைஞர் இருவர், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், கடந்துவிடலாம் என்று வற்புறுத்தினர். நான் மறுத்துவிட்டேன். ஒரு சிறு தீவின் மறைவிலே தோணிகளைக் கவிழ்த்து வைத்து, தேநீர் காய்ச்சிக் குடித்து, சிலர் உறங்கி, சிலர் கதைபேசி, ஆறு மணி நேரம் காத்திருந்தோம். சூரியன் மரங்களின் மேலே தாழ்ந்தபோது காற்று விழுந்தது. முக்கால் மணி நேரத்தில் அக்கரை சேர்ந்தோம். ஆகையால், திரும்பும் நாளுக்கு அடுத்த நாளையும் விடுமுறையாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போக வேண்டிய அவசரமே மனிதரை அலைக்குள் தள்ளுகிறது.

இடி முதன்முறை கேட்ட கணமே கரைக்குப் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழியும்வரை நீரில் இறங்கலாகாது. கரையிலும் தனித்துயர்ந்த மரத்தின் அடியில் நிற்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று, அவரவர் உடலுக்குப் பொருந்துவதாகத் தோணியில் இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். அதனோடு 15 மீட்டர் மிதக்கும் கயிறும், நீர் இறைக்கும் பாத்திரமும், ஊதுகுழலும் இருக்க வேண்டும். பெரியவர்கள் அந்தச் சட்டையை அணிந்தே இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் நான் அது போதாது என்கிறேன். நம்மவரிலே நீந்தத் தெரியாதவர் மிகப் பலர்; கிணற்றிலும் கேணியிலும் நீந்திப் பழகியவரும் இந்தக் குளிர்நீரை அறியாதவர். திடீரென்று குளிர்நீரில் விழுந்தவர் தம்மையறியாமலே மூச்சை உள்ளிழுத்துத் திணறுவார். அந்தச் சில கணங்களில் தலையை நீருக்குமேல் நிறுத்துவது நீச்சற் பயிற்சியன்று, அந்தச் சட்டைதான். எங்களோடு ஒருமுறை வந்த ஒரு மாமி, “தம்பி, நான் நடுவிலே அசையாமல் இருப்பன், எனக்கு இது வேண்டாம், மூச்சு முட்டுது” என்றார். “மாமி, நீங்கள் அசையாமல் இருப்பீர்கள், காற்று இருக்குமோ? இதைப் போடாவிட்டால் நாங்கள் ஒருவரும் வெளிக்கிட மாட்டம்” என்று சொல்லி, எல்லாரும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். கால் மணி நேரத்தில் அவர் அணிந்துகொண்டார். அப்படி உட்கார்ந்துவிடும் உறுதி வழிநடத்துபவருக்கு வேண்டும்.

கனூ ஏரியின் கரையிலே, ஹேஹர்ஸ்ட் முனையில், ரொம் தொம்சன் என்னும் ஓவியருக்கு 1930இல் எழுப்பிய கல் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. இந்தக் காட்டின் பைன் மரங்களையும் மேல்காற்றையும் வரைந்து கனடாவின் ஓவியக் கலைக்கே புது வழி காட்டியவர் அவர். தோணி அவருக்கு அன்றாட வாகனம். இந்த ஏரி அவருக்குப் பழகிய முற்றம். 1917 ஜூலையிலே, 39ஆம் வயதில், இதே ஏரியிலே தனித்துத் தோணியிற் சென்றவர் உயிரோடு திரும்பவில்லை. எட்டு நாள் கழித்து உடல் மிதந்தது. மரணத்தின் காரணம் பற்றி இன்றளவும் பலர் பலவாறு பேசுகின்றனர். அந்த முனையிலே ஏறி நின்று பார்க்கும்போதெல்லாம், என்னோடு வந்தவர்களுடைய சட்டை வார்களை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.

தோணி கவிழ்ந்துவிட்டால் அதை விட்டு நீந்திப் போகக் கூடாது. அது மிதக்கும், அதைப் பற்றிக்கொண்டு ஊதுகுழலை ஊதுங்கள். மற்றத் தோணிகள் நெருங்கி, கவிழ்ந்ததைத் தம் குறுக்கே இழுத்தேற்றி நீரை வடித்து, நிமிர்த்தி, விழுந்தவரை ஏற்ற வேண்டும். முதல் நாளே கரையருகே ஆழங்குறைந்த நீரில் இதை ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது. தோணிகள் ஒன்றையொன்று கூப்பிடு தூரத்துக்குள் வைத்துக்கொண்டு செல்வதன் பயன் அப்போது விளங்கும்.

முகாமிடங்களைக் கரையிலே செம்மஞ்சள் நிறப் பலகை காட்டும். ஒவ்வொன்றிலும் நெருப்புக்கென்று ஓரிடமும், சற்று உள்ளே மூடியுள்ள மரப்பெட்டி மலசலக்கூடமும் உண்டு. கூடாரம் அடிக்குமுன் நிலத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்தும் பாருங்கள். பட்டுப்போன மரத்தின் கீழே உறங்கலாகாது. நெருப்பைக் குறித்த இடத்திலன்றி வேறெங்கும் மூட்ட வேண்டாம். நெருப்புத் தடை உள்ள நாட்களில் அடுப்பே கதி என்பதால், எரிவாயு அடுப்பை எப்போதும் கொண்டுசெல்லுங்கள். உறங்கப்போகுமுன் தணலிலே நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்குக் குளிர வேண்டும். உணவுப் பை, பற்பசை, சவர்க்காரம் முதலிய மணமுள்ள யாவற்றையும் ஒன்றாகக் கட்டி, கூடாரத்துக்குத் தொலைவிலே, நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளியும் தொங்குமாறு கிளையிலே கயிற்றை எறிந்து உயர்த்துங்கள். இருட்டியபின் இதைச் செய்ய முடியாது. சூரியன் இருக்கும்போதே கயிற்றை எறிந்துவிட வேண்டும். பாத்திரத்தையோ உடம்பையோ ஏரிக்குள் சவர்க்காரம் இட்டுக் கழுவக் கூடாது. நீரை முகந்து சென்று, கரையிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் கழுவி, மண்ணிலே ஊற்றுங்கள். அதே ஏரியைத்தான் எதிர்க்கரையிலே ஒருவர் தேநீருக்குக் காய்ச்சுகிறார்.

எதிர்க்கரையிலுள்ளவர் என்றேன், நீரின் மேலே குரல் வெகுதூரம் செல்லும். இரவிலே பாட்டுப் பெட்டியை முழங்கவிட்டால் ஏரி முழுவதும் அதைக் கேட்கும். நீங்களோ ஏரியைக் கேட்க மாட்டீர்கள். நெருப்பு அணைந்தபின் எல்லாரும் கற்பாறையிலே அமர்ந்து, அரை மணி நேரம் ஒன்றும் பேசாதிருக்கும்படி நான் ஒவ்வொரு குழுவையும் கேட்டுக்கொள்வது வழக்கம். லூன் என்னும் நீர்ப்பறவை ஏரியின் ஒரு கோடியிலிருந்து நீளக் கூவ, மறுகோடியிலிருந்து இன்னொன்று விடை சொல்லும். ஆகஸ்ட் மாதமானால், வெகு தூரத்திலே ஓநாய்களின் ஊளையும் கேட்கக்கூடும். நகரத்திலே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், பால்வீதி என்பது புத்தகத்துச் சொல் அன்று, தலைக்குமேலே உண்மையாகக் கிடப்பது என்று காண்பதும் அப்போதுதான்.

ஒரு காரியம் மட்டும் எஞ்சியிருக்கிறது. உள்ளே கைத்தொலைபேசி பெரும்பாலும் வேலை செய்யாது. ஆகையால் புறப்படுமுன், எந்த ஏரியில் எந்த இரவு தங்குகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை தோணி, தோணியின் நிறம் என்ன, கார் எங்கே நிற்கும், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குப்பின் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு உதவி தேட வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். காற்றுக்காகக் காத்திருக்க நேரும் நேரத்தையும் அதிலே சேர்த்து எழுதுங்கள். திரும்பி வந்து நெடுஞ்சாலையிலே தொலைபேசிக்கு உயிர் வந்தவுடன், தேநீர்க் கடையைத் தேடுமுன், படங்களை அனுப்புமுன், முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும். அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு அவர் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.